கணிப்பொறிக் கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடுதல்

ஊரின் பெயரை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் எழுதினால் கடிதம் வழி தவறிப்போகும் என்பது யாவரும் அறிந்ததே. இருவரும் ஒரே விதமாக எழுதியும் கடிதம் வழி தவறுமானால் அதனை என்னவென்று சொல்வது? பஞ்சாயத்துக் காரியாலயங்களிலும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிலும் இன்று கணிப்பொறி இடம் பெற்றுவிட்டது. அதில் சேமித்து வைக்கும் கோப்புகளுக்கு, அதாவது நாம் வழக்கத்தில் 'பைல்' என்று சொல்பவற்றுக்கு, தமிழில் பெயர் வைக்கும்போது இத்தகைய சங்கடம் உண்மையிலேயே நேருகிறது. பார்வைக்கு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும் இரு பெயர்கள் இயந்திரத்துக்கு வெவ்வேறாகப் படுகின்றன. ஒரு கணிப்பொறியில் தெளிவாகத் தெரியும் பெயர் மற்றொன்றில் கேள்விக்குறிகளாக மாறி நிற்கிறது. இதைக் கண்டு மனம் சலித்து, "தமிழே வேண்டாம், ரோமன் எழுத்தில் வைத்துவிடுவோம்" என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். அம்முடிவு சரியன்று என்பது நமது கருத்து. காரணத்தைச் சற்று விளக்குவோம்.

உதாரணத்துக்குப் பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள மீனவக் குப்பங்களை எடுத்துக்கொள்கிறோம். அவ்வூர்ப் பெயர்களிலேயே இச்சிக்கல் முழுவதும் பொதிந்து கிடக்கிறது.

பழவேற்காடும் அதன் பல பெயர்களும்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் தொடங்கி ஆந்திர மாநிலத்துக்குள் நெடுந்தொலைவு பரந்து கிடக்கும் இந்த ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கு கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினார்கள். அவர்கள் வாயில் பழவேற்காடு 'பலியகாட்டா' ஆயிற்று. பின்னர் ஆங்கிலேயர் அதனைப் 'புலிகாட்' என்றனர். இன்று பழவேற்காடு என்ற தமிழ்ப் பெயரையே ரோமன் எழுத்தில் எழுத முற்படுவோர், 'ழ'கரத்துக்குச் சிலர் 'இசட்', 'எச்' என இரண்டு எழுத்துக்களை இடுகின்றனர். சிலர் 'எல்' ஒன்றோடு நிறுத்திக்கொள்கின்றனர். 'காடு' என்பதில் ஒரு 'ஏ' போதுமா, இரண்டு வேண்டுமா என்பதிலும் ஒற்றுமை இல்லை. ஆக, ரோமன் எழுத்தில் ஓர் ஊருக்குக் குறைந்தது நான்கைந்து வடிவங்கள் உண்டாகிவிடுகின்றன. ஒருவர் 'இசட்' இட்டுச் சேமித்த கோப்பை மற்றொருவர் 'எல்' இட்டுத் தேடினால் அது அகப்படாது. தமிழைத் தவிர்த்தால் குழப்பம் ஒழியும் என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

குப்பங்களில் சேமித்து வைக்க வேண்டிய பதிவேடுகள் சாமானியமானவை அல்ல. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை நடைமுறையில் உள்ளது. அக்காலத்துக்குக் கடல் மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை அளிக்கப்படுகிறது. அதற்குக் குடும்பப் பட்டியல் வேண்டும். ஏரியிலோ, எந்த இடத்தில் எந்நாள் எவர் வலை கட்டுவது என்பதை முறை வைத்துத் தீர்மானிக்கும் 'பாடு' என்னும் பழைய ஏற்பாடு உண்டு. அந்த முறைப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் ஒரு குடும்பத்தின் அடுப்பே அணைந்துவிடும். இவை தவிர, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையின் தீர்மானங்களும் உள்ளன. இவற்றில் எது காணாமற் போனாலும் நஷ்டம் ஊருக்குத்தான்.

பெயருக்கு எழுத்துரு இல்லை

ரோமன் எழுத்தில் பெயர் வைக்கும் பழக்கம் எப்படி ஏற்பட்டது? அதற்கு நியாயமான காரணம் ஒன்று முன்பு இருந்தது.

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டுதான் அதனுள் எழுத்தைப் புகுத்துகிறோம். தொடக்கக் காலத்தில் தமிழுக்குப் பொதுவான ஏற்பாடு எதுவும் புழக்கத்தில் வரவில்லை. அச்சகத்தார் ஒருவிதமாகவும், மென்பொருள் விற்பவர்கள் வேறுவிதமாகவும் ரோமன் எழுத்துக்களுக்குரிய எண்களிலேயே தமிழ் உருவங்களை வரைந்து எழுத்துருக்களைச் செய்துகொண்டார்கள். இவ்வகையில் எழுதிய கடிதத்தை வேறோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக, தமிழ்நாடு அரசாங்கம் அவ்வாண்டிலேயே 'டாம்', 'டாப்' என்னும் இரு குறிமுறைகளையும் 'தமிழ்99' என்னும் விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. குழப்பம் சற்றுக் குறைந்தது. ஆயினும் இவையும் எழுத்துருவை நம்பிய முறைகளே.

இங்குதான் கோப்பின் பெயருக்கு இடர்ப்பாடு. கடிதத்தினுள் எழுதும் வாசகத்துக்கு இன்ன எழுத்துரு என்று குறித்து வைக்கலாம். கோப்பின் பெயருக்கு அப்படிக் குறிக்க இடமில்லை. பெயர் என்பது வெறும் எண் வரிசை. அதனைக் காட்டுகின்ற ஒவ்வொரு கருவியும் தனக்குத் தெரிந்த எழுத்துருவில் காட்டும். ஆகவே, உள்ளே அழகிய தமிழ்க் கடிதம் இருக்க, வெளியே அதன் பெயர் தமிழில் வைக்க முடியாததாக இருந்தது. அன்றிருந்த எழுத்தர்கள் ரோமன் எழுத்தை நாடியதில் குற்றமில்லை. காரணம் நீங்கிய பின்னரும் பழக்கம் நீங்காதிருப்பதுதான் இன்றைய நிலை.

காரணத்தை நீக்கியது யூனிகோடு எனப்படும் ஒருங்குறி முறை. உலக மொழிகளின் எழுத்துக்கள் அனைத்துக்கும், ஒன்றோடொன்று மோதாதபடி, தனித்தனி எண் கொடுப்பதே அதன் நோக்கம். 1991-ல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. தெலுங்குக்குத் தனியே வேறு இடம் உண்டு. எனவே ஏரியின் தென்கரையில் தமிழிலும் வடகரையில் தெலுங்கிலும் எழுதப்படும் பெயர்கள் ஒரே பட்டியலில் அருகருகே நிற்க இயலும். பழைய எழுத்துரு முறையில் இது ஆகாத காரியம். 2010 ஜூன் மாதத்தில் நமது மாநில அரசாங்கம் ஒருங்குறியையும், 'டேஸ்16' என்னும் பதினாறு பிட்டுக் குறிமுறையையும் தமிழுக்கான தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. இப்போதைய கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் கோப்பின் பெயரை ஒருங்குறியிலேயே வைத்துக்கொள்கின்றன.

அப்படியானால் சிக்கல் தீர்ந்தது அல்லவா? பெரும்பகுதி தீர்ந்தது. மிச்சமிருப்பது நுட்பமானது. நுட்பமாக இருப்பதாலேயே ஏமாற்றக் கூடியது.

கோட்டைக்குப்பத்தின் 'கோ'

ஒருங்குறியில் தமிழின் 247 எழுத்துக்களுக்கும் தனித்தனி எண் இல்லை. உயிரெழுத்துக்கள், அகரமேறிய மெய்கள், புள்ளி, கால், கொம்பு முதலிய குறிகள் ஆகியவற்றுக்கே எண்கள் உள்ளன. 'கா' என்பது 'க'வும் காலும் சேர்ந்தது. 'கே' என்பது 'க'வும் இரட்டைச் சுழிக் கொம்பும் சேர்ந்தது. 'கோ' என்பதோ, முன்னே கொம்பும் பின்னே காலும் பெறுகிறது. இதனை எவ்வாறு எண்ணில் எழுதுவது?

இரண்டு வழிகள் உள்ளன. 'க'வின் எண் 2965. அதனையடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியாக 3019 என்று எழுதலாம். அல்லது கொம்பை 3015 என்றும் காலை 3006 என்றும் பிரித்து இரண்டு குறிகளாக எழுதலாம். திரையில் இரண்டும் 'கோ' என்றே தோன்றும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வேற்றுமை தெரியாது. இயந்திரத்தின் எண் கணக்கில் முன்னது இரண்டு குறி, பின்னது மூன்று குறி. ஒகரக் குறியும் இத்தகையதே. ஆகவே கோட்டைக்குப்பம், கோரைக்குப்பம் ஆகிய குப்பங்களின் பெயர்களும், அவற்றுக்குத் தலைமையிடமான பொன்னேரியின் பெயரும் இருவகையாக எழுதப்படலாம். பழவேற்காடு என்ற பெயரில் ஒகர ஓகாரக் குறிகள் இல்லாமையால் அதற்கு இத்தொல்லை இல்லை.

இவ்விரு வடிவங்களையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பது ஒருங்குறியின் விதி. விதி இருப்பதாலேயே எல்லாக் கருவிகளும் அதனைப் பின்பற்றிவிடுகின்றனவா? இல்லை. விண்டோஸ் முறையும் லினக்ஸ் முறையும் கோப்பின் பெயரை எண்ணுக்கு எண் ஒப்பிட்டு, இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே வைத்துக்கொள்கின்றன. ஆப்பிள் கணிப்பொறிகளில் 1998-ல் வந்த கோப்பு முறை, எவ்வாறு கொடுத்தாலும் பிரித்தே எழுதி வைத்தது. 2017-ல் வந்த புதிய முறை கொடுத்தபடியே வைத்துக்கொண்டு, ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளில் சில, கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டுவிடுகின்றன. இங்ஙனம் இரு வகைகளும் நம் காரியாலயங்களுக்குள் நுழைந்துவிடுகின்றன.

இதனால் என்ன நேரும் என்று பார்ப்போம். ஏரிக்கரை ஊர் ஒன்றின் எழுத்தர் ஏப்ரல் மாதத்தில் 'கோட்டைக்குப்பம் குடும்பப் பட்டியல்' என்ற கோப்பைத் தயாரித்து வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக மணமாகித் தனிக்குடித்தனம் போன மூன்று குடும்பங்கள் அதில் விடுபட்டிருக்கின்றன. மே மாதத்தில் வேறொரு கணிப்பொறியில் அப்பட்டியல் திருத்தப்பட்டு, அதே பெயரில் திரும்பி வருகிறது. எழுத்தர் அதனைப் பழைய இடத்தில் போடுகிறார். பெயர் ஒன்றாயின் "பழையதை நீக்கிப் புதியதை வைக்கவா?" என்று இயந்திரம் கேட்டிருக்கும். இங்கே 'கோ' வேறுபட்டிருப்பதால் அது கேட்கவில்லை. பழையதும் புதியதும் ஒரே பெயருடன் அருகருகே அமர்ந்துவிடுகின்றன. யூனியன் காரியாலயத்துக்கு அனுப்பும் நாளில் முன்னால் தெரிந்த ஒன்றை அவர் எடுத்து அனுப்புகிறார். அது பழையது. அந்த மூன்று குடும்பங்களும் தம் பெயர் சேர்ந்துவிட்டது என்று நம்பியிருக்கும். எவர் மீதும் தவறில்லை. ஆனால் தொகை வராது.

இதனைக் கண்டுபிடிக்க எளிய பரீட்சை ஒன்று உண்டு. பெயரை மாற்றும் கட்டத்தைத் திறந்து, 'கோ'வுக்கு அடுத்தாற்போல் சுட்டியை நிறுத்தி, அழிக்கும் விசையை ஒரு முறை தட்டுக. 'க' மட்டும் எஞ்சினால் அது ஒரே குறியாக எழுதப்பட்டது. 'கே' என்று நின்றால் கால் மட்டுமே அழிந்திருக்கிறது; அது பிரித்து எழுதப்பட்டது. அவ்வாறு இருப்பின் பெயரை முழுவதும் அழித்துவிட்டு, தமிழ்99 போன்ற ஒருங்குறி விசைப்பலகையில் புதிதாகத் தட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரே குறியாக எழுதுவதே பொதுவாக விரும்பத்தக்கது. இணையத்திலும் அதுவே பெருவழக்கு.

பௌர்ணமியில் வரும் பிழை

மேலே கூறியது இயந்திரங்களின் பிணக்கு. இனிக் கூறப்போவது நம் கைப்பிழை.

அமாவாசை, பௌர்ணமி நாட்களின் நீரோட்டத்தை ஏரி மீனவர்கள் நன்கு அறிவார்கள். ஆகவே அவர்கள் கணக்குகளில் பௌர்ணமி என்ற சொல் அடிக்கடி வரும். இச்சொல்லின் முதலெழுத்தில் ஔகாரக் குறி உள்ளது. அதன் பின்பகுதி 'ள'கரத்தைப் போலவே தோன்றுவதால், பலர் 'ப'வுக்கு ஒற்றைக் கொம்பிட்டு, பக்கத்தில் 'ள' என்ற எழுத்தையே தட்டிவிடுகின்றனர். அதைப் பிரித்துப் படித்தால் 'பெ', 'ள' என்று இரண்டு எழுத்துக்கள்! 'பெளர்ணமி', 'பௌர்ணமி' ஆகிய இரண்டும் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முன்னர்க் கூறிய 'கோ'வைப் போல இவற்றை ஒன்றாகக் கொள்ளும் விதி ஒருங்குறியில் இல்லை. விதியை மிக ஒழுங்காகப் பின்பற்றும் கருவியும் இவற்றை இரண்டாகவே பார்க்கும். அச்சிட்ட புத்தகங்களிலும் இப்பிழை மலிந்திருப்பதைக் காணலாம். அழிக்கும் விசையின் பரீட்சை இதற்கும் பொருந்தும். ஒரு தட்டில் 'ப' எஞ்சினால் சரி, 'பெ' எஞ்சினால் பிழை.

படகுகளுக்கு இடும் பெயர்களில் 'ஸ்ரீ' வருவதுண்டு. இதற்கு அடிப்படையான கிரந்த எழுத்து ஒன்றை 2005-ல் ஒருங்குறியில் புதிதாகச் சேர்த்தார்கள். அதனால் பல எழுத்துருக்களில் ஒரே உருவமாகத் தோன்றும் 'ஸ்ரீ' இருவகை எண்களில் அமையக் கூடும். படகுப் பெயரைக் கொண்டு கோப்பைத் தேடுவோர் இதனை நினைவில் வைக்க வேண்டும். தமிழ் எண்களைப் பெயரில் கலப்பதும் உசிதமன்று. ஏழைக் குறிக்கும் '௭' என்ற எண்ணுருவும் 'எ' என்ற எழுத்தும் கண்ணுக்கு ஒன்று, கணக்குக்கு வேறு.

அகரவரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்களின் வரிசைப்படி மட்டும் அடுக்கும் கருவிகளில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்தும், 'ற' என்பது 'ர'வுக்கு அடுத்தும் வந்து நிற்கும். பள்ளியில் கற்ற வரிசையில் தேடிக் காணாமல் "கோப்பு தொலைந்துவிட்டது" என்று முறையிடுவோரை நாம் கண்டிருக்கிறோம். இரண்டு வரி கீழே பார்த்திருந்தால் அது இருந்திருக்கும்.

பெயர் பயணம் செய்யும்போது

ஒரே கணிப்பொறியில் இருக்கும் வரையில் பெயருக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. குப்பத்திலிருந்து மீஞ்சூர் யூனியனுக்கும், அங்கிருந்து மாவட்டத் தலைநகருக்கும் செல்லும்போதுதான் அது பல கைகளில் மாறுகிறது.

ஒருங்குறி எண்களைக் கோப்பிலும் கம்பியிலும் அனுப்புவதற்கு 'யூடிஎப்-8' என்னும் முறை இன்று பரவலாக வழங்குகிறது. 1992 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் கென் தாம்சன், ராப் பைக் என்னும் இரு நிபுணர்கள் இரவு உணவுக்கு அமர்ந்த விடுதியில் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் இதன் அமைப்பை எழுதிப் பார்த்தார்கள் என்பர். இம்முறையில் ரோமன் எழுத்து ஒன்றுக்கு ஒரு 'பைட்' இடம் போதும். தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். பழவேற்காடு என்பது நம் கணக்கில் ஆறெழுத்து. ஒருங்குறியின் கணக்கில் பத்துக் குறி. யூடிஎப்-8 கணக்கில் 30 பைட். இணைய முகவரியில் அதனை எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் மூன்றெழுத்தாக விரிந்து 90 எழுத்தாகிவிடும்.

இக்கணக்கை ஏன் சொல்லுகிறோம் எனில், லினக்ஸ் முறையில் ஓடும் கணிப்பொறிகளிலும் ஆண்டிராய்டு கைப்பேசிகளிலும் ஒரு கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டுக்கு மேற்படக் கூடாது. அதாவது தமிழில் 85 குறிகள். விண்டோஸிலோ 255 குறிகள் வரை இடமுண்டு. எனவே தீர்மானத்தின் தலைப்பு முழுவதையும் பத்துப் பன்னிரண்டு சொற்களில் பெயராக வைத்தால், காரியாலயத்துக் கணிப்பொறி ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். கைப்பேசிக்கோ வேறு இயந்திரத்துக்கோ மாற்றும்போது மறுப்பு வரும். பெயரைச் சுருக்கமாக வைத்தல் தமிழில் இருமடங்கு அவசியம்.

பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி அனுப்பும் 'ஜிப்' முறையும் கவனத்துக்குரியது. அது 1989-ல் தோன்றியது. அப்போது அதன் பெயர்களுக்கு அமெரிக்கக் கணிப்பொறிகளின் பழைய எழுத்து அட்டவணையே ஆதாரம். அதில் தமிழுக்கு இடமில்லை. 2006-ல்தான் பெயர் யூடிஎப்-8 முறையில் உள்ளது என்று அறிவிக்கும் அடையாளம் ஒன்று அதில் சேர்க்கப்பட்டது. கட்டும் கருவி அந்த அடையாளத்தை இட வேண்டும், அவிழ்க்கும் கருவி அதனைப் படிக்க வேண்டும். இரண்டில் ஒன்று பழையதாயினும் பெயர் சிதைந்துபோகும். உள்ளேயுள்ள வாசகம் சிதைவதில்லை. பெயர் மட்டுமே சிதையும். இதனை அறியாமல், கோப்பே கெட்டுவிட்டதென்று எறிந்துவிடுவது பெருந்தவறு.

சிதைந்த பெயரைப் பார்த்தே நோயைக் கண்டறியலாம். வெற்றுக் கட்டங்கள் வரிசையாகத் தோன்றினால் அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே பொருள். பெயருக்கு ஒரு குறையும் இல்லை. தலையில் சாய்கோடு பெற்ற ரோமன் 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' எழுதிய வணிக முத்திரையும் மாறி மாறி வந்தால், யூடிஎப்-8 தமிழை ஐரோப்பிய எழுத்தாக ஏதோ ஒரு கருவி படித்துவிட்டது. இதனை மீட்கலாம், புதிய கருவியில் மறுபடியும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். நூற்றுவீதக் குறிகளும் அவற்றையடுத்து ரோமன் 'ஈ', சுழியம் ஆகியவையும் நிறைந்திருந்தால் அது இணைய முகவரியின் வடிவம். இதுவும் மீட்கக் கூடியதே. புள்ளிகளாலான சிறு வட்டம் எழுத்தின் பக்கத்தில் நின்றால் கொம்பு முன்னும் மெய் பின்னுமாகத் தட்டச்சுப் பொறியின் வழக்கப்படி எழுதியிருக்கிறார்கள். ஒருங்குறியில் மெய் முன்னே வர வேண்டும். கேள்விக்குறிகள் வந்துவிட்டாலோ, தமிழ் எண்களே தூக்கி எறியப்பட்டுவிட்டன. அங்கிருந்து மீட்பதற்கு வழியில்லை. மூலத்தைத்தான் தேட வேண்டும். அன்றியும், விண்டோஸ் முறை பெயரில் கேள்விக்குறியை அனுமதிப்பதே இல்லை. ஆகையால் பழைய கருவிகள் சில அத்தகைய கோப்பைப் பிரதி செய்யாமலே விட்டுவிடும். முப்பது கோப்பு அனுப்பினால் இருபத்தெட்டு வந்து சேரும். எண்ணிப் பார்ப்பவர் கண்டுகொள்வார்.

காரியாலயங்களில் செய்யக் கூடியவை

ஊர்ப் பெயர்களையும் பதிவேட்டின் வகைகளையும் எவ்வாறு எழுதுவது என்று ஒரு முறை தீர்மானித்து, அந்தப் பெயர்களை ஒரே கோப்பில் சரியாகத் தட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர்ப் புதிதாகத் தட்டாமல் அங்கிருந்து எடுத்து ஒட்டினால் 'கோ'வும் 'பௌ'வும் மாறுவதற்கு இடமே இராது. இது ஒன்றையே ஒழுங்காகச் செய்தாலும் பாதித் தொல்லை ஒழியும்.

தேதியைப் பெயரின் முன்னால், ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் இடுவது நல்லது. '2024-08-15 கோட்டைக்குப்பம் தீர்மானம்' என்று வைத்தால் கிராம சபைத் தீர்மானங்கள் யாவும் கால வரிசையில் தாமாகவே அடுக்கி நிற்கும். ஐந்தாண்டுகளில் முப்பது தீர்மானக் கோப்புகள் சேரும் என்பதை எண்ணினால் இதன் உபயோகம் விளங்கும். தமிழ் முழுவதும் சிதைந்தாலும் எண்களாகிலும் தப்பும் என்ற ஆதாயமும் உண்டு.

நமது காரியாலய வழக்கத்தில் ந.க. எண்ணையும் தேதியையும் சாய்கோடு இட்டே எழுதுகிறோம். கோப்பின் பெயரில் சாய்கோட்டுக்கு இடமில்லை. கணிப்பொறி அதனை ஓர் அறைக்குள் மற்றோர் அறை என்று பொருள் கொள்ளும். காகிதத்தில் சாய்கோடும் கணிப்பொறியில் சிறுகோடுமாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

இணைய விண்ணப்பப் பகுதிகள் சில, ரோமன் எழுத்தும் எண்ணும் கொண்ட பெயர்களையே இன்னும் ஏற்கின்றன. அங்கே வாதாடிப் பயனில்லை. ஊர்ப் பெயரை ரோமனில் எழுதிப் புதுக் குழப்பம் உண்டாக்காமல், தேதியையும் வரிசை எண்ணையும் மட்டும் பெயராக வைத்து அனுப்பலாம். இன்ன எண்ணில் இன்ன கோப்பு என்று ஒரு பதிவேட்டில் தமிழில் குறித்துக்கொண்டால் போதும். அனுப்புவதற்கு முன் எத்தனை கோப்பு, சேர்ந்த பின் எத்தனை என்று எண்ணுவதும், பெற்றுக்கொண்டவரைத் திறந்து பார்க்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் அவசியம்.

இதுகாறும் ரோமன் எழுத்தில் பெயரிட்டு வைத்த பழைய கோப்புகளை என்ன செய்வது என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். அவற்றை ஒரேயடியாக மாற்ற முற்பட வேண்டாம். பிற கோப்புகள் அப்பெயரைச் சுட்டிக்கொண்டிருந்தால் அத்தொடர்பு அறுந்துவிடும். மேற்சொன்ன பதிவேட்டில் பழைய பெயருக்கு நேரே தமிழ்ப் பெயரை எழுதிக்கொண்டு, புதிதாகத் தொடங்கும் கோப்பு முதல் தமிழில் பெயரிட்டு வரலாம். நிவாரணப் பட்டியல் தயாராகும் ஏப்ரல் மாதத்துக்கு முன்னரே, ஒரே பெயரில் இரண்டு பட்டியல்கள் எங்கேனும் அருகருகே நிற்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிடுவது நலம்.